‘பி’-யில் வைக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூத்த புகைப்பட ஆர்வலர்களுக்கு,

வணக்கம். உங்களோடு பல ஆண்டுகள் கேமரா தூக்கி அலைந்தவன், உங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே இந்தக் கலையில் பாதியைக் கற்றவன், இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் இயன்றதைச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்திருப்பவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். நம்மிடையே புழங்கும் எழுத்துச் சுருக்கங்களையும் குழூஉக்குறிகளையும் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டியிருக்கிறது. அதை நான் குற்றச்சாட்டாக எழுதவில்லை. அப்படி எழுதினால் முதல் குற்றவாளி நானாகத்தான் இருப்பேன்.

கேமரா வாங்கிய முதல் ஆண்டில், ஓர் இரவு, மழை இன்னும் எட்டிப் பார்க்காமல் தொலைவானத்தில் மின்னல் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. அதைப் படமெடுக்க வேண்டும் என்று முக்காலியை நிறுத்திவிட்டு, எனக்கு மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “பி-யில் வை தம்பி, எஃப் எட்டு, ஐ.எஸ்.ஓ. நூறு, மின்னுகிற வரைக்கும் விரலை எடுக்காதே” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். என் கேமராவின் டயலில் ‘பி’ என்று படிக்கத்தக்க எழுத்துகள் இரண்டு இருந்தன. ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து மற்றொன்று. கண்ணில் முதலில் பட்டது பதினாறாம் எழுத்து, அதிலேயே வைத்தேன். அது ‘புரோகிராம்’ என்ற முறை. லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவையும், ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டரின் வேகத்தையும் கேமராவே முடிவு செய்துகொள்ளும். எஃப் எட்டு என்ற துளை அளவுக்குப் போக அது மறுத்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அது பாட்டுக்குத் திறந்தது, அது பாட்டுக்கு மூடிக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் கிடைத்தவற்றுள் ஒரே ஒரு படத்தில் மின்னல் இருந்தது. துளை முழுவதும் திறந்திருந்ததால் வானம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்திருந்தது.

அவர் சொன்னது ‘பல்ப்’. அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும், விரலை எடுத்தால் மூடும். பல்ப் என்றதும் விளக்கை நினைத்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. பழைய கேமராக்களில் ஒரு ரப்பர்க் குமிழைக் கையால் பிசைந்து, குழாய் வழியே காற்றைத் தள்ளி ஷட்டரைத் திறந்து வைத்திருப்பார்கள், அந்தக் குமிழின் பெயர்தான் அது. பிசைந்திருக்கும்வரை திறந்திருக்கும் என்ற ஒரு வரியை அவர் சேர்த்திருந்தால், டயலில் எந்த எழுத்து இருந்தாலும் நான் தேடிக் கண்டுபிடித்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

இந்தக் குழப்பம் என் அறியாமையால் மட்டும் வந்ததன்று என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். நம் எழுத்தில் வல்லெழுத்துகளுக்கு ஒலிப்புடைய இணையெழுத்துகள் தனியே இல்லை. ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருக்கும் இரண்டு எழுத்துகள் தமிழில் எழுதும்போது ஒரே உருவம் எடுத்துவிடுகின்றன. ‘டி.சி.’ என்று எழுதிப் பாருங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் பொருத்தி எட்டத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரும் டி.சி.தான். நிக்கான் நிறுவனத்தின் சில பழைய உருவப்பட லென்ஸ்களில், பின்புலம் மங்கும் விதத்தைத் திருகி மாற்ற உதவும் வளையத்தைக் குறிப்பதும் டி.சி.தான். சிக்மா நிறுவனம், ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் சிறியதாக உள்ள கேமராக்களுக்கென்றே செய்யும் லென்ஸ்களின் மேல் பொறிப்பதும் டி.சி.தான். மூன்றுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் கிடையாது. “டி.சி. போட்டால் தரம் குறையும்” என்று நாம் சொல்லும்போது, கேட்கிறவர் கையில் இருப்பது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அவரே தேடித் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்வதும் இங்கே உதவாது. தேடினால் மூன்றும் வரும், எது தனக்குரியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஏற்கெனவே பாதி விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

குழூஉக்குறி என்பது நமக்குப் புதிதன்று. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும் இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறோம். பொற்கொல்லருக்கு அந்தச் சொல் எதிரே நிற்பவருக்குப் புரியாமல் இருப்பதே பயன். நமக்கு அப்படி ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை. இருந்தும் விளைவு ஒன்றாகவே இருக்கிறது.

சுருக்கமே கூடாது என்பதும் என் கட்சி அன்று. கிளையிலிருந்து பறவை எழும்பப் போகிற நொடியில், பக்கத்தில் இருப்பவரிடம் “ஒரு ஸ்டாப் இறக்கு” என்பதைவிடச் சிறந்த வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கலை பிறந்த நாளிலிருந்தே அதற்குச் சுருக்கங்கள் உண்டு. இருட்டறையில் படத்தை நிலைப்படுத்தும் உப்புக்கரைசலை இன்றும் ‘ஹைப்போ’ என்கிறோம். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டபோது அந்த உப்புக்கு இருந்த ஹைப்போசல்பைட் என்ற பெயரின் தலைத்துண்டு அது. வேதியியலார் பிற்பாடு அதைத் தயோசல்பேட் என்று திருத்திக்கொண்டார்கள், இருட்டறைக்காரர்கள் திருத்திக்கொள்ளவில்லை. அதனால் எந்தப் படமும் கெட்டுப்போகவும் இல்லை. ஒரே வேலையை அறிந்த இருவருக்கு நடுவில் சுருக்கம் நன்றாகவே வேலை செய்கிறது; அதே சுருக்கத்தை அறியாதவர் முன் விரிக்காமல் வைப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை, அதிலும் எண்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சுருக்கங்களைப் பற்றிக் கூடுதலாகவே கவலை, ஏனென்றால் அவற்றை விரித்துச் சொன்னால் ஒரு பெயர் மட்டும் தெளிவாவதில்லை, அதன் பின்னாலிருக்கும் இயற்பியலே விளங்கிவிடுகிறது.

‘எஃப்’-ஐ எடுத்துக்கொள்வோம். எஃப் இரண்டு, எஃப் பதினாறு என்று துளையின் அளவைச் சொல்கிறோம். இரண்டைவிடப் பதினாறு பெரிய எண்ணாயிற்றே, எஃப் பதினாறில் துளை ஏன் சிறுத்துப்போகிறது என்று புதியவர் ஒவ்வொருவரும் கேட்பார். “அது அப்படித்தான், தலைகீழாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள்” என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அதில் தலைகீழாக எதுவும் இல்லை. முறையாக எழுதினால் அது எஃப், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு ஓர் எண். எஃப் என்பது லென்ஸின் குவியத்தூரம்; சாய்கோடு என்பது வகுத்தல் குறி. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. எஃப்/16 என்றால் 50-ஐ 16-ஆல் வகுத்து மூன்று மில்லிமீட்டரை ஒட்டிய துளை. பேச்சில் சாய்கோட்டை விழுங்கினோம், எழுத்திலும் விட்டுவிட்டோம், பிறகு அது இல்லாததால் வந்த குழப்பத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது ஒரு நிமிடத்தில் விளங்கும். விளங்கிய பிறகு, ஒரே எஃப்/4 ஆனாலும் 200 மில்லிமீட்டர் லென்ஸின் முகப்புக் கண்ணாடி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதும் கேட்காமலே விளங்கிவிடும்.

அந்த எண்களின் வரிசையும் அப்படியே. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையைப் பஞ்சாங்கம் போல ஒப்பிக்கிறோம். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதையும், விட்டம் அந்த விகிதத்தில் குறைந்தால் வட்டத்தின் பரப்பு சரியாகப் பாதியாகும் என்பதையும், பரப்பு பாதியானால் ஒளி பாதியாகும் என்பதையும் சொல்வதில்லை. அந்தப் பாதிதான் ‘ஒரு ஸ்டாப்’. 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்ஸ் குழலிலுள்ள பிளவில் செருகி ஒளியைக் கட்டுப்படுத்தினார்; அந்தத் தகடுகள் அவர் பெயராலேயே வாட்டர்ஹவுஸ் ஸ்டாப் எனப்பட்டன. மிஞ்சிய ஒளியைத் தடுத்து நிறுத்துவது எதுவோ அது ஸ்டாப். இன்று ஷட்டர் வேகத்துக்கும், ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வுக்கும்கூட, எதுவும் எதையும் தடுக்காத இடத்திலும், ஸ்டாப் என்கிறோம். ‘இரட்டிப்பு அல்லது பாதி’ என்று முதல் முறை ஒரு தரம் சொல்லிவிட்டால் அதில் யாருக்கும் சிக்கல் இராது.

“வேகமான லென்ஸ்” என்ற சொல்லால் பணத்தை வீணாக்கியவர்கள் உண்டு. துளை பெரிதாகத் திறப்பதால் குறைந்த வெளிச்சத்திலும் ஷட்டரை வேகமாக வைக்க முடிகிறது என்பதே அதன் பொருள். ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும் என்று எண்ணி வாங்கியவர், எஃப்/1.4 லென்ஸ் ஒன்று ஆமை போல முன்னும் பின்னும் நகர்ந்து தேடுவதைக் கண்டு, பொருளில் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போவார். வேகம் என்று நாம் சொன்னது எதன் வேகத்தை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்னும் மோசமானது அளவுகளின் கதை. 35 எம்.எம். கேமரா என்கிறோம், 35 எம்.எம். லென்ஸ் என்கிறோம். முன்னது ஓரத்துளைகளையும் சேர்த்த ஃபிலிம் நாடாவின் அகலம். அதில் படம் விழும் சட்டத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர்தான். பின்னது குவியத்தூரம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு “35 எம்.எம். ஈக்விவலன்ட்” என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தால், கேட்பவர் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்? ஏ.பி.எஸ்.-சி. சென்சார் என்பதில் வரும் பெயர், 1996-இல் அறிமுகமாகி 2011-ஓடு தயாரிப்பே நின்றுபோன ஒரு ஃபிலிம் வகையின் பெயர். அதில் எடுக்கக்கூடிய மூன்று சட்டங்களுள் ‘கிளாசிக்’ என்ற சட்டத்தின் அளவை ஒட்டியிருப்பதால் இந்தச் சென்சாருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஃபிலிமைக் கண்ணால் பார்த்திராதவர்களிடம் இன்று அந்தப் பெயரை விளக்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ‘ஒரு அங்குலச் சென்சார்’ என்பதோ இன்னும் வேடிக்கை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அந்தச் சென்சாரின் பக்கங்கள் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், மூலைவிட்டத்தை அளந்தாலும் 16 மில்லிமீட்டரை எட்டாது. எங்கே அந்த அங்குலம்? பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழலின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொன்ன வழக்கம், குழல் போன பிறகும் போகவில்லை. இதை அறிந்தே நாம் சொல்கிறோம்; அறியாமல் கேட்கிறவர் அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு விழிக்கிறார்.

கேடு விளைவிப்பதிலும் எண்களுக்கே முதலிடம். ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை ‘என்.டி. ஃபில்டர்’ என்கிறோம். அதன் வலிமையைச் சொல்ல மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் புழங்குகின்றன. ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைவதை ஒருவர் என்.டி. 8 என்பார், ஒருவர் என்.டி. 0.9 என்பார், ஒருவர் மூன்று ஸ்டாப் என்பார்; மூன்றும் ஒரே கண்ணாடி. இப்போது “என்.டி. இரண்டு போதும்” என்று நாம் வாய்மொழியாகச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் அது ஒளியைப் பாதியாக்கும் கண்ணாடி. இரண்டாம் கணக்கில் 2.0 என்பது ஒளியை நூற்றில் ஒரு பங்காக்கும் கண்ணாடி. அருவியின் நீர் பட்டுப் போல வழிய வேண்டும் என்று விரும்புகிறவர் கண்ணாடி இல்லாமல் 1/30 நொடியில் எடுத்துக்கொண்டிருந்தால், இரண்டாவது கண்ணாடி அவரை மூன்று நொடிக்கு மேல் கொண்டு போகும், நீர் பட்டாகும். முதல் கண்ணாடி 1/15 நொடியில் நிறுத்திவிடும். முக்காலியோடு அத்தனை தூரம் நடந்து போனவர், நீர்த்துளிகள் பாதி உறைந்தும் பாதி கலைந்தும் நிற்கும் படத்தோடு திரும்பி வருவார். “ஒளியை எத்தனை பங்காகக் குறைக்கும்” என்று சொல்வதற்கு நமக்குக் கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு நொடி.

நிறுவனங்கள் தங்கள் வசதிக்கு ஒட்டும் பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பைக் கேனான் ஐ.எஸ். என்கிறது, நிக்கான் வி.ஆர்., சிக்மா ஓ.எஸ்., டாம்ரான் வி.சி., சோனி ஓ.எஸ்.எஸ்., பென்டாக்ஸ் எஸ்.ஆர். என்கின்றன. ‘நடுக்கம் தாங்கி’ என்றோ ‘ஸ்டெபிலைசர்’ என்றோ நாம் பொதுவாகச் சொல்லிவிட்டு, அது நம் கையின் அசைவைத்தான் தாங்கும், ஓடுகிற குழந்தையின் அசைவைத் தாங்காது என்ற ஒன்றைச் சேர்த்துச் சொன்னால், அந்த ஆறு பெயர்களையும் மனப்பாடம் செய்தவரைவிடக் கேட்பவர் அதிகம் அறிந்தவராவார். ஷட்டர் வேகத்தை நாம் தேர்ந்துகொள்ளும் முறையைக் கேனான் டயலில் ‘டி.வி.’ என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கேமராவைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் வழியாக்கும் என்று எண்ணியவரை நான் சந்தித்திருக்கிறேன். ‘நேர மதிப்பு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மறக்க முடியாது. நிக்கான் 1977-இல் கொண்டுவந்த ‘ஏ.ஐ.’ லென்ஸ்களைப் பற்றி இப்போது யாராவது ஆசையாகப் பேசினால், இளையவர்கள் அந்தக் காலத்திலேயே லென்ஸுக்குள் செயற்கை நுண்ணறிவா என்று வியக்கிறார்கள். துளையின் உச்ச அளவைக் கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஓர் இயந்திர விளிம்பு அது, அவ்வளவே.

எனக்கு உறுத்தலாக இருக்கும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் கருத்துக் கேட்கும் நம் வழக்கமான சந்திப்பு ஒன்றில், வயதில் மூத்த அம்மா ஒருவர் முதன்முறையாக ஒரு படம் வைத்தார். பேரன் சோப்புக் குமிழி ஊதுகிறான். முகம் சட்டத்தை நிறைத்திருக்கிறது. குமிழியில் ஒரு சன்னல் வளைந்து தெரிகிறது. நான் படத்தைக் கையில் எடுத்து, “டி.ஓ.எஃப். போதவில்லை அம்மா, ஓரத்தில் சி.ஏ. இருக்கிறது, பி.பி.யும் கொஞ்சம் அதிகம்” என்றேன். அவர் சற்றே பதறி, “யாருக்கு?” என்று கேட்டார். அறையே சிரித்தது. நான்தான் உரக்கச் சிரித்தேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் படத்தை உறைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகும் சந்திப்புகளுக்கு வந்தார். மேசைமேல் மட்டும் எதையும் வைக்கவில்லை.

தெளிவு விழும் ஆழம், நிறப்பிறழ்ச்சி, எடுத்த பின் மென்பொருளில் செய்யும் திருத்தம் என்று நான் சொன்ன மூன்றும் சரியான குறிப்புகள்தான். அவற்றில் எதைக் கொண்டும் அவரால் அடுத்த படத்தை எடுத்திருக்க முடியாது. பல மாதங்கள் கழித்து அந்தப் படத்தை மீண்டும் காட்டச் சொல்லிக் கேட்டு, இப்படிச் சொன்னேன்: “அம்மா, தெளிவு மூக்கு நுனியில் விழுந்திருக்கிறது, கண்கள் மங்கியிருக்கின்றன. இவ்வளவு கிட்டத்தில் நின்று எஃப்/1.8-இல் எடுத்தால் முன்னாலிருந்து பின்னால் ஒரு விரலகலம்கூடத் தெளிவாக விழாது. ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள், துளையை எஃப்/4-க்குச் சுருக்குங்கள். உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும், அதனால் ஐ.எஸ்.ஓ.வை 100-இலிருந்து 500-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். சன்னல் வெளிச்சம் படும் முடியோரத்தில் ஊதாக் கோடு தெரிகிறதே, அது லென்ஸ் எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்காததால் வருவது. துளையைச் சுருக்கினால் அதுவும் பெரும்பாலும் குறையும். கன்னத்தை மென்பொருளில் இவ்வளவு வழவழப்பாக்க வேண்டாம், அவன் கன்னத்தில் இருக்கும் பால்வடுவே அழகாக இருக்கிறது.” சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்வி, எஃப்/4-க்குப் பதில் எஃப்/8 வைத்தால் சன்னலும் தெளிவாகுமா என்பது. என் ஆங்கிலச் சுருக்கத்தைக் கேட்டு ஒருபோதும் எழுந்திருக்காத கேள்வி அது.

இந்த இடத்தில், எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்கும் தமிழ்ச்சொற்களின்மேல் ஆசை உண்டு. வில்லை, குவியத்தூரம், நிறப்பிறழ்ச்சி ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்தவன். ஆனாலும் ‘புல ஆழம் போதவில்லை’ என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் பதறியிருக்க மாட்டார், அவ்வளவுதான், புரிந்திருக்காது. விளக்கமில்லாத தமிழ்க் கலைச்சொல்லும் குழூஉக்குறிதான். சொல் லென்ஸாக இருந்தாலும் வில்லையாக இருந்தாலும், முதல் முறை அதன் வேலையைச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. இன்னொன்றும் உண்டு: ஆங்கிலத்தில் இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்கங்கள் பல தமிழில் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. ‘டபிள்யூ.பி.’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒயிட் பேலன்ஸ் என்றே சொல்லிவிடலாம்.

தகுதியைக் காட்டிக்கொள்ளவே புழங்கும் சொற்களும் நம்மிடம் சில இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. ‘எஸ்.ஓ.ஓ.சி.’, அதாவது கேமராவிலிருந்து வந்தபடியே, என்று படத்தின் கீழ் எழுதுவதில் ஒரு பெருமிதம் தொனிக்கிறது. கேமராவிலிருந்து வரும் ஜேபெக் படத்தில் நிறத்தையும் மாறுபாட்டையும் கூர்மையையும் கேமராவுக்குள் இருக்கும் செயலி ஏற்கெனவே திருத்தித்தான் கொடுக்கிறது. திருத்தியவர் நாமல்ல என்பதைத் தவிர அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. ‘பொக்கே அருமை’ என்று பாராட்டுகிறோம்; கேட்பவர் பூங்கொத்து எங்கே என்று படத்தில் தேடுகிறார். ஜப்பானிய மொழியில் மங்கல் என்று பொருள்படும் அந்தச் சொல்லை 1997-இல் ஓர் அமெரிக்க இதழ் ஆங்கில வாசகர்களிடம் பரப்பியது, பின்புலம் எவ்வளவு மங்கியது என்பதைச் சொல்வதற்காக அல்ல, அந்த மங்கலின் தன்மை எத்தகையது என்பதைப் பேசுவதற்காக. நாமோ எது மங்கினாலும் பொக்கே என்கிறோம். பொருள் வாங்கிக் குவிக்கும் ஆசையைக் ‘கேஸ்’ என்று கேலி பேசுவதையும், எடுத்த ஒவ்வொரு படத்தையும் உடனே திரையில் பார்க்கிறவரைக் குரங்கோடு ஒப்பிட்டுச் ‘சிம்பிங்’ என்பதையும், நம்மை நாமே கேலி செய்துகொள்ளும்வரை ரசிக்கலாம். முதல் கேமராவோடு வந்தவர் திரையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார். அவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வது நியாயமன்று.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். புதியவர் ஒருவராவது இருக்கும் இடத்தில் ஒரு சுருக்கத்தை முதல் முறை சொல்லும்போது, அதன் முழுப்பெயரைக்கூட அல்ல, அது என்ன செய்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு நாள் முழுதும் சுருக்கியே பேசுங்கள், அவரும் உங்களோடு சேர்ந்து சுருக்குவார். எழுத்தில் எஃப்-க்குப் பின் சாய்கோட்டைப் போடுங்கள். தொலைபேசியில் ‘பி’ என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். புதியவரின் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது, அடுத்த முறை கையை எங்கே வைத்து எதைத் திருக வேண்டும் என்பது அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது அவருக்காகச் சொன்னதன்று.

வரும் சந்திப்பில் இந்த மடலை நானே வாசிப்பதாக இருக்கிறேன். வாசித்து முடித்து அரைமணி நேரத்துக்குள் என் வாயிலிருந்து விரிக்காத சுருக்கம் ஒன்று வரும் என்று நண்பர்கள் இருவர் இப்போதே பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அப்படி வந்தால், அந்த இடத்திலேயே கையை உயர்த்தி “யாருக்கு?” என்று கேட்கும் பொறுப்பை அந்த அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்களுள் ஒருவன்